டாக்டரம்மா கேட்ட நாற்காலி

2008 மே 5, திங்கட்கிழமை என்று தேதியிட்ட ஒரு மின்னஞ்சலின் அச்சுப்பிரதி என்னிடம் இருக்கிறது. லண்டனிலிருந்து வந்தது. இலங்கை மலையகத்தில், பதுளையில் நாங்கள் போன நெட் கஃபேயின் கணினியில் தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாகத்தான் தெரியும் என்பதால், எழுதியவர் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டியிருந்தார். முதல் வரிகளைத் தமிழ் எழுத்துக்கு மாற்றித் தருகிறேன்: "நேற்றைய பிழை என்னுடையது. அக்காவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். அவர் இனி வராவிட்டாலும் சொல்லுங்கள்."

எழுதியவர் ஓர் உளவியலாளர். யாழ்ப்பாணத்தில் பிறந்து லண்டனில் குடியேறியவர். அவர் அக்கா என்று குறிப்பிடுவது என் உடன்பிறந்த அக்காவை. ஹாலிஎலைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில், மேல் டிவிசனில் கொழுந்து பறித்தவள். அவள் கணவரான என் மச்சான் 1994இல் ஈரல் வீங்கி இறந்துபோனார். அப்போது அவர்களுடைய ஒரே பையனுக்கு எட்டு வயது. அவனை அவள் வளர்த்தாள். நான் அதே தோட்டத்துப் பாடசாலையில் ஆசிரியனாக இருந்தேன். பையனுக்கு எழுத்து சொல்லிக் கொடுத்தது நான்.

சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு அவன் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனான். எங்கள் பக்கத்துப் பையன்களில் பாதிப்பேர் அப்படித்தான் போனார்கள். 2007 தைப்பொங்கலுக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். பொங்கலுக்கு முந்தின நாள் மத்தியானம் பையைத் தூக்கிக்கொண்டு கடையிலிருந்து புறப்பட்டான் என்று உடன் வேலை செய்தவர்கள் சொன்னார்கள். அவன் வந்து சேரவில்லை. போலீஸில் முறைப்பாடு கொடுத்தோம். அவனுடைய படத்தோடு நான் பல அலுவலகங்களுக்கு அலைந்தேன். யுத்தம் நடந்த அந்த வருடத்தில் அப்படி நின்றவர்கள் நாங்கள் மட்டுமல்ல. என் முன்னாலும் பின்னாலும் வரிசை இருந்தது. யாரும் அவனைப் பிடித்ததாகச் சொல்லவில்லை, பார்த்ததாகவும் சொல்லவில்லை.

அக்கா அழவில்லை. அதுதான் எல்லோரையும் பயமுறுத்தியது. பின்னேர பஸ் வரும் நேரத்துக்குக் கீழே றோட்டுக்கு இறங்கிப் போய் வளைவில் நிற்பாள். பஸ் போனதும் ஏறி வருவாள். பாதிச் சோற்றில் எழுந்துவிடுவாள். ஒருநாள் கூடையோடு தேயிலைச் சரிவில் உருண்டுவிட்டாள். எப்படி விழுந்தாய் என்று கேட்டால், "விழுந்தேனா?" என்று திருப்பிக் கேட்டாள்.

மச்சானின் அண்ணன் கீழ் டிவிசனில் இருந்தார். கங்காணியாக இருந்து ஓய்வு பெற்றவர். பையனைத் தோளில் தூக்கித் திரிந்தவர் என்பதால் அவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு வருடம் கழிந்ததும் அவர் பேச ஆரம்பித்துவிட்டார்.

"வாத்தியாரே, காரியம் முடியாத வீடா இது எத்தனை நாளைக்குக் கெடக்கும்? எம் மகளுக்கு மாப்பிள்ள பாத்தாச்சு. தாலி கட்டுற எடத்துல நாலு பேரு கேப்பான். அவன் இருக்கானா இல்லையான்னு ஒண்ண சொல்லணும்ல?"

"நமக்கே தெரியாதே பெரியண்ணே" என்றேன்.

"தெரியாதுங்குறதுக்கு ஒரு சாங்கியமும் கெடையாது. இருந்தா விருந்து. இல்லாட்டி கருமாதி. நடுவுல என்ன இருக்கு?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி.

பதுளையில் டிஸ்பென்சரி வைத்திருந்த ஒரு யாழ்ப்பாணத்து டாக்டரிடம் அக்காவைக் கூட்டிப் போனேன். சோதித்துவிட்டு, உடம்பில் ஒன்றும் இல்லை என்றார். அவரோடு படித்த ஒருவரின் தங்கை லண்டனில் உளவியலாளராக இருக்கிறார், கணினி மூலம் இங்குள்ள சிலரோடு பேசுகிறார், தமிழிலேயே பேசலாம் என்று சொல்லி, மின்னஞ்சல் முகவரியை மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதித் தந்தார். நான் எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நான்கு மணி என்று பதில் வந்தது. முதல் நாள் 2008 மார்ச் 9.

அக்கா தனியாக வரச் சம்மதிக்கவில்லை. தோட்டத்தில் யாரும் தனியாக டாக்டரிடம் போவதில்லை. ஊசி போடப் போனாலும் ஓர் ஆள் துணைக்குப் போகும். அது போகாவிட்டால் அக்கம்பக்கத்துக்கு மரியாதை இல்லை. ஆகவே, லயம் என்ற வரிசை வீட்டில் அக்காவின் அறைக்கு அடுத்த அறையில் இருந்த பக்கத்துக் காம்பராக்காரி புதுச் சேலை கட்டி, பூ வைத்து, ஒரு ஃபிளாஸ்க்கில் தேத்தண்ணியும் எடுத்துக்கொண்டு வந்தாள். அவள் அக்காவை மதினி என்று கூப்பிடுவாள். இருவரும் ஒரே மலையில் நிரை பிடித்து இருபது வருடங்களுக்கு மேல் பறித்தவர்கள்.

நெட் கஃபே பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், மாடியில் இருந்தது. பலகைத் தடுப்புகளுக்கு நடுவே ஏழெட்டுக் கணினிகள். அக்காவின் தலையில் நான் ஹெட்போனை மாட்டியபோது பக்கத்துக் காம்பராக்காரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மதினி, காதுல ரெண்டு உளுந்து வடைய வச்சு அமுக்குன மாதிரி இருக்கு."

"சும்மா இரு புள்ள. டாக்டரம்மா கேப்பாங்க."

திரையில் டாக்டரம்மாவின் முகம் வந்தது. அக்கா கைகூப்பினாள். டாக்டரம்மா ஏதோ சொல்லத் தொடங்க, இணைப்பு மெதுவாகி, வாய் பாதி திறந்தபடி படம் நின்றுவிட்டது. குரல் மட்டும் கொஞ்சம் கழித்து வந்தது.

"டேய் தம்பி, டாக்டரம்மா செலையா போயிட்டாங்கடா!"

அன்று அவர்கள் பேசியது கொஞ்சம்தான். கடைசியில் அக்கா, "மருந்து எதுலங்க அனுப்புவீங்க? தபால்லயா?" என்று கேட்டாள். என்ன பதில் வந்ததோ, ஹெட்போன் அவள் காதில் இருந்ததால் எனக்குக் கேட்கவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் சொன்னாள்: "மருந்து இல்லையாம். பேசுறதுதானாம். அப்ப இவ்வளவு தூரம் எதுக்கு வந்தோம்? பேச லயத்துல ஆள் இல்லையா?"

ஆனாலும் அடுத்த ஞாயிறும் கிளம்பினாள்.

மூன்றாவது வாரமோ என்னவோ, டாக்டரம்மா எனக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினார். இந்த நேரம் அக்காவுக்கும் தனக்கும் மட்டும் உரியதாக இருப்பது நல்லது, மற்றவர்கள் பக்கத்தில் இருந்தால் அவர் மனம் திறக்கமாட்டார் என்று மரியாதையாகக் கேட்டிருந்தார். புத்தகத்தில் படித்த அளவில் எனக்கும் அது சரியென்றே பட்டது. அதற்குப் பிறகு நானும் பக்கத்துக் காம்பராக்காரியும் வாசல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டோம். உள்ளே அக்காவின் குரல் கேட்கும். எந்த மலையில் கொழுந்து நல்லா இருக்கு, யார் வீட்டு ஆடு குட்டி போட்டது, மழை வந்ததா என்று தோட்டத்துச் சேதி எல்லாம் சொல்லிக்கொண்டிருப்பாள். பையனைப் பற்றி ஒரு சொல் வராது. ஒரு மணித்தியாலம் முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றி, விருந்தாளிக்குச் சொல்வதுபோல, "சாப்புட்டு நேரத்துக்குத் தூங்குங்க தாயி" என்று சொல்லிவிட்டு எழுந்து வருவாள்.

மே 4 அன்றும் அப்படித்தான் தொடங்கியது. பாதியில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அக்கா எழுந்து நின்றிருந்தாள். ஹெட்போனைப் பிடுங்கி மேசையில் வைத்தாள். அதன் வழியே சின்னதாக "அக்கா, அக்கா" என்று ஒரு குரல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. அவள் பக்கத்தில் இருந்த வெறும் நாற்காலியைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு, என்னைத் தாண்டி, படியில் இறங்கிப் போய்விட்டாள்.

ஹாலிஎலையில் பஸ்ஸை விட்டு இறங்கி மேலே ஏறும்போதுதான் சொன்னாள்.

"என் புள்ளையக் கட்டி ஒக்கார வைக்கச் சொல்றாடா அவ."

"என்ன சொல்ற?"

"பக்கத்துல நாற்காலி இருக்கான்னு கேட்டா. இருக்குங்க, தம்பி ஒக்காந்த நாற்காலின்னேன். அதுல ஒங்க மகன் இருக்காருன்னு நெனச்சுக்கிட்டு அவரோட பேசுங்கன்னா. கேக்க வேண்டியதக் கேளுங்க, சொல்ல வேண்டியதச் சொல்லுங்கன்னா." மூச்சு வாங்க நின்றாள். "பொணத்தோடதானடா அப்படிப் பேசுவோம்?"

பக்கத்துக் காம்பராக்காரி தன் தலையில் அடித்துக்கொண்டாள். அன்று அவளிடமிருந்து கேலி ஒன்றும் வரவில்லை.

எங்கள் லயத்தில் ஒருவர் இறந்தால் குளிப்பாட்டி, நெற்றிக்குத் திருநீறு பூசி, தாடையைத் துணியால் கட்டி, நாற்காலியில் உட்காரவைத்து, நெஞ்சோடு சேர்த்து ஒரு வேட்டியால் நாற்காலிக்குக் கட்டுவார்கள். காம்பரா வாசலில், வருகிறவர்கள் முகம் பார்க்கும்படி வைப்பார்கள். பெண்கள் சுற்றி உட்கார்ந்து அந்த ஆளிடமே பேசுவார்கள். ஏன் போனே, யாரை நம்பி விட்டுட்டுப் போனே, எழும்பி ஒரு வாய் தண்ணி குடி என்று கேள்வியும் கோபமும் கெஞ்சலுமாகப் போகும். பதில் வராத ஒருவரை முன்னால் உட்காரவைத்து நீ என்று விளித்துப் பேசுவது எங்களிடம் அந்த ஒரு நேரத்தில்தான் நடக்கும். மச்சானை அப்படி வைத்து அக்கா பேசியிருக்கிறாள். பையன் அப்போது அவள் மடியில் இருந்தான்.

அன்றே மறுபடி பதுளைக்கு ஆள் அனுப்ப முடியாது. நான் தோட்டத்துக் கடைத் தொலைபேசியிலிருந்து டிஸ்பென்சரி டாக்டரை அழைத்து, இதையெல்லாம் சொல்லி, லண்டனுக்குத் தெரிவிக்கும்படி கேட்டேன். மறுநாள் தேதியில் வந்ததுதான் நான் முதலில் சொன்ன மின்னஞ்சல். வெறும் நாற்காலியோடு பேசச் சொல்வது தன் தொழிலில் பல காலமாக இருக்கும் ஒரு முறை என்றும், தான் வளர்ந்த ஊரில் இறந்தவரைப் படுக்கவைத்தே பார்த்திருப்பதாகவும், அப்படி ஒரு வழக்கம் இருப்பது தனக்குத் தெரியாதென்றும், தெரியாதது ஒரு சமாதானம் ஆகாதென்றும் அதில் எழுதியிருந்தார்.

அதை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். "சரி" என்றாள். மே மாதமும் ஜூன் மாதமும் போயின. ஞாயிற்றுக்கிழமைகளில் விறகு பொறுக்கப் போனாள். பஸ் வளைவுக்குப் போவது மட்டும் நிற்கவில்லை.

ஜூலை தொடக்கத்தில் கங்காணி அண்ணன் மேல் டிவிசனுக்கு ஏறி வந்தார். மேல்மூச்சு வாங்க, வாசல் கல்லில் உட்கார்ந்தார். அக்கா தேத்தண்ணி கொடுத்தாள்.

"தாயி, வர்ற ஆடி அமாவாசைக்கு ஆத்துல காரியம் வச்சிருக்கேன். ஐயர்கிட்டச் சொல்லியாச்சு. ஒங்கப்பாவுக்கு, எந் தம்பிக்கு..." நிறுத்தினார். "பையனுக்கும் சேத்து."

அக்கா கையில் இருந்த தட்டை வைக்கவில்லை, தூக்கவும் இல்லை.

"நானும் அவனத் தூக்கி வளத்தவன்தான். என் நெஞ்சுல கைய வச்சுச் சொல்றேன், ஒன்ன அழ வைக்க வரல. ஆனா ஆவணியில கல்யாணம். இதுக்கு மேல தள்ள முடியாது தாயி."

அவர் போன பிறகு, அக்கா என்னைப் பார்த்தாள்.

"டாக்டரம்மா ஞாயித்துக்கிழம இருப்பாங்களாடா?"

"இருப்பாங்கக்கா."

அக்கா வாசலில் நின்ற பக்கத்துக் காம்பராக்காரியைக் காட்டினாள். "இவளும் கூட ஒக்காருவா. ஹெட்போனு எனக்கு வேணாம். அதச் சொல்லிரு."

நெட் கஃபேக்காரர் நல்ல மனிதர். மூலைக் கணினிக்கு இரண்டு சிறிய ஸ்பீக்கர்களைக் கொண்டுவந்து பொருத்தித் தந்தார். அதனால்தான் அன்றைய பேச்சு முழுவதும் எனக்குக் கேட்டது. மூன்று பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்தோம்.

டாக்டரம்மா முதலில் மன்னிப்புக் கேட்டார். அக்கா கையை வீசி, "அத விடுங்க தாயி. ஒங்க ஊர்ல படுக்க வைப்பாங்கன்னு தம்பி சொன்னான்" என்றாள்.

"ஓம் அக்கா. எனக்கு நீங்கள்தான் சொல்லித் தரவேணும். ஆள் வராமலும் இருக்கிறார், செத்ததெண்டும் தெரியாது. அப்பிடியானவருக்கு உங்கட தோட்டத்தில என்ன செய்வீங்கள்?"

அக்கா யோசித்தாள். பக்கத்துக் காம்பராக்காரியைப் பார்த்தாள். அவளும் உதட்டைப் பிதுக்கினாள்.

"அதுக்கு ஒண்ணுமே கெடையாதுங்க."

"ஒண்டுமே இல்லையோ?"

"கடல்ல போனவங்களுக்கு ஏதாச்சும் இருக்கும். நாங்க மலையில இருக்கோம். இங்க யாரும் காணாமப் போறதில்ல. கட்டிக்கிட்டு ஓடிப்போனாக்கூட மூணாம் நாளு சேதி வந்துரும்."

"போன வருசம் அந்தக் கீழ் லயத்துக் குட்டி ஓடுனப்ப ஒரு நாள்லயே வந்துருச்சு" என்றாள் பக்கத்துக் காம்பராக்காரி. அக்கா அவள் தொடையில் ஒரு தட்டுத் தட்டினாள். ஆனால் அந்த அடியோடு அக்காவின் தோள் தளர்ந்தது. பிறகு, யாரும் கேட்காமலே, பேச ஆரம்பித்தாள். திரையைப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்தவளைப் பார்த்துப் பேசினாள். அவளுக்குத் தெரிந்த கதைதான் எல்லாம். பையன் பிறந்தபோது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைமடுவத்தில் தொட்டில் கிடைக்காமல் சாக்கில் ஏணை கட்டிப் போட்டது, அவனுக்குக் கத்தரிக்காய் பிடிக்காதது, கொழும்பிலிருந்து அவன் வாங்கி வந்த செருப்பை இன்னும் போடாமல் வைத்திருப்பது. காம்பராக்காரி இடையிடையே "ஆமா மதினி", "அன்னைக்கு மழையில்ல?" என்று எடுத்துக் கொடுத்தாள். லண்டனில் இருந்தவர் ஒரு வார்த்தை பேசவில்லை. படம் நின்றுவிட்டதோ என்று ஒருமுறை பார்த்தேன். நிற்கவில்லை, அவர் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

கடைசியில் அக்கா திரையைப் பார்த்துக் கேட்டாள்.

"காரியம் செய்யச் சொல்றாங்க தாயி. செஞ்சா நானே அவனக் கொன்ன மாதிரி. செய்யலன்னா, ஒருவேள அவன் செத்துருந்தா, பெத்தவ ஒரு வாய் சோறு வைக்கலன்னு பசியோட நிப்பான். எது செய்யட்டும்? நீங்க படிச்சவங்க. சொல்லுங்க."

டாக்டரம்மா திரைக்கு அருகே குனிந்தார்.

"எனக்குத் தெரியாது அக்கா. தெரியுமெண்டு சொன்னால் அது பொய். ஆனால் அமாவாசை, காரியம் செய்யச் சொல்லுற ஆக்களின்ர நாள். உங்கட மனசுக்கு அவை நாள் குறிக்க ஏலாது. செய்யிறதெண்டாலும் நீங்கள் செய்யுங்கோ. விடுறதெண்டாலும் நீங்கள் விடுங்கோ."

"ஒங்களுக்கு யாராச்சும் இப்புடிப் போயிருக்காங்களா?"

அப்படிக் கேட்பதும் அதற்குப் பதில் சொல்வதும் அந்தத் தொழிலில் வழக்கமில்லை என்று படித்திருக்கிறேன். அவர் தலையசைத்தார். "ஓம்" என்றார். யார் என்று சொல்லவில்லை. அக்காவும் கேட்கவில்லை. "பாவம் புள்ள" என்றாள்.

அந்த ஆடி அமாவாசை வெள்ளிக்கிழமை வந்தது. ஊவாவில் அந்த மாதம் மழை இராது, காற்று மட்டும் மலையை உரித்துக்கொண்டு வீசும். பதுளு ஓயா ஆற்றில் தண்ணீர் வற்றிப் பாறைகள் வெளியே தெரிந்தன. கரையில் ஐயர் இருந்தார். கங்காணி அண்ணன், அவர் வீட்டார், பக்கத்துக் காம்பராக்காரி, நான், அக்கா. அப்பாவுக்கு நான் செய்ய வேண்டும். மச்சானுக்கு அவர் மகன் செய்ய வேண்டியதை அவருடைய அண்ணன் செய்தார். வாழையிலையில் மூன்று பிண்டங்கள் உருட்டி வைக்கப்பட்டிருந்தன. ஐயர் மூன்றாவதுக்குப் பேரும் நட்சத்திரமும் கேட்டார்.

"ரெண்டுதான் சாமி" என்றாள் அக்கா.

"மூணுன்னு சொன்னாங்களே?"

"ரெண்டுதான்."

கங்காணி அண்ணன் வாயைத் திறந்தார். அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாக இல்லை. அவர் மறுபடி வாயை மூடிக்கொண்டு, தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடினார். அவர் அழுததை நான் பார்த்தது அன்று மட்டும்தான். அந்தக் கல்யாணம் ஆவணியில் நடந்தது, யாரும் ஒன்றும் கேட்கவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

"உருட்டினத இலையில சும்மா விடக்கூடாதேம்மா" என்றார் ஐயர்.

"நான் பாத்துக்கிறேன் சாமி."

இரண்டு காரியமும் முடிந்து நாங்கள் முழுகி எழுந்தபோது, அக்கா மூன்றாவதைக் கையில் எடுத்துக்கொண்டு, முழங்கால் அளவு தண்ணீரில் பாறைகளுக்கு நடுவே போனாள். பக்கத்துக் காம்பராக்காரி, விழுந்துவிடுவாளோ என்று, அவள் முழங்கையைப் பிடித்தபடி கூடப் போனாள். நான் கரையில் நின்றேன். அக்கா குனிந்து, சோற்றைத் தண்ணீரில் விட்டாள். மிதக்கவில்லை, ஒரு கல்லில் தங்கிக் கரைந்தது. அவள் உதடுகள் அசைந்தன. பிறகு அவள் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு அக்கா வாய்விட்டு அழுததை நான் அப்போதுதான் கேட்டேன்.

அவள் அவனுடைய பேரைச் சொல்லி அதை விட்டாளா என்பதை அறிய நான் முயன்றிருக்கிறேன். அக்காவிடம் பிற்பாடு கேட்டபோது, "காத்து அடிச்சுச்சுடா, நான் என்ன சொன்னேன்னு எனக்கே தெரியல" என்றாள். பக்கத்துக் காம்பராக்காரி அன்று சாயந்தரம், பேரைச் சொன்னாள் என்றாள். அடுத்த வருடம் கேட்டபோது, பேர் சொல்லவில்லை, "யாரு பசியா இருந்தாலும் வந்து எடுத்துக்க" என்றுதான் சொன்னாள் என்றாள். வேறு சாட்சி இல்லை. ஆகவே அந்த மூன்றாவது பிண்டம் யாருக்கு வைக்கப்பட்டது என்பதை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை.